தீக்குழலும் ஹீட்டர் பிளக்கும்
பினாங்குக் கதை ஒன்றின் ஆராய்ச்சி

வெப்ப நாட்டில் ஓடும் வண்டிக்கு 'ஹீட்டர்' எதற்கு என்று கேட்போர் உண்டு. குளிர் நாடுகளில் ஹீட்டர் என்றால் வண்டிக்குள் இருப்போரைப் பனியினின்று காக்கும் கருவி. பினாங்குத் தீவிலோ, நீரிணைக்கு அப்பால் உள்ள செபராங் பிறை, கெடா ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலோ அதற்கு வேலை இல்லை. ஆயினும் பழைய டீசல் லேண்ட்ரோவர் வண்டிகளைப் பழுது பார்ப்போரிடையே ஹீட்டர் என்ற சொல் நன்கு வழங்கும். அது ஆளுக்குச் சூடேற்றும் ஹீட்டர் அன்று. எஞ்சினுக்குச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்.

சுண்டு விரல் அளவுள்ள இச்சிறு பொருளின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்வோர் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து நிற்பர். அவ்விடம் பினாங்கு. டீசல் எஞ்சினின் மூலக் கருத்தே பினாங்கிலிருந்து சென்றது என்று ஒரு கதை வழங்குகிறது. அக்கதை எவ்வளவு தூரம் மெய், எங்கே ஐயத்திற்கு இடம் தருகிறது என்பதை ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

மலாய் மக்களின் தீக்குழல்

தீக்குச்சி பரவுவதற்கு முன், தென்கிழக்காசிய மக்கள் பலர் கையடக்கமான ஒரு கருவியால் தீ உண்டாக்கினர். மரம், மூங்கில், மாட்டுக் கொம்பு ஆகியவற்றுள் ஒன்றைக் குடைந்து, ஒரு முனை அடைபட்ட குழல் செய்வர். அக்குழலுக்குள் இறுகப் பொருந்தும் தண்டு ஒன்று உண்டு. தண்டின் நுனியைச் சுற்றி நூல் சுற்றிக் கொழுப்பு தடவியிருப்பர்; காற்று கசியாதிருப்பதற்கு இதுவே உபாயம். நுனியில் சிறு பள்ளம். அதில் பனையினத்து மரங்களில் கிடைக்கும் பஞ்சு போன்ற பொருளை வைப்பர். தண்டைக் குழலில் செருகி உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்து, உடனே வெளியே இழுத்தால் பஞ்சு கனன்று கொண்டிருக்கும்.

மலாய் மொழியில் இதற்குக் கோபெக் ஆப்பி என்று பெயர். ஆப்பி என்பது தீ. கோபெக் என்பது பல் போன முதியோர் வெற்றிலை பாக்கு இடித்துக் கொள்ளும் குழல். நம் பாட்டிமார் வைத்திருந்த வெற்றிலை உரலை நினைவிற் கொண்டால், இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். இடிப்பதற்கு உரிய கருவியின் பெயரே தீ உண்டாக்கும் கருவிக்கும் ஆகி வந்தது.

இக்கருவி ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பர்மா, லாவோஸ், மலாய்த் தீபகற்பம், சுமாத்ரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் எல்லாம் இது வழங்கியது. ஆக்ஸ்போர்டிலுள்ள பிட் ரிவர்ஸ் காட்சிச்சாலையின் பொறுப்பாளராக இருந்த ஹென்றி பால்பர், 1907-இல் இக்கருவி பற்றி விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதினார். கருவிகள் பல நாட்டிலிருந்து திரட்டப்பட்டுக் காட்சிச்சாலைகளில் இன்றும் இருக்கின்றன. ஆதலின் தீக்குழல் தென்கிழக்காசியாவில் வழங்கியது என்பதில் எவ்வித ஐயமும் இல்லை.

காற்றை விரைந்து அமுக்கினால் அது சூடேறும் என்பதே இதன் தத்துவம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் சிறுவனுக்கும் இது தெரியும். பம்பின் அடிப்பக்கம் சுடுவதை அவன் தொட்டறிவான். 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள காற்றை, வெப்பம் வெளியேற இடமின்றி, இருபதில் ஒரு பங்காக அமுக்கினால், ஏட்டுக் கணக்கின்படி அது 700 பாகைக்கு மேல் சூடேற வேண்டும். அடி மெதுவாக விழுந்தால் சூடு குழலின் சுவருக்குள் போய்விடும், தீ பற்றாது. விரைவும் கசிவின்மையும் இரு கண்கள்.

மூனிக் நகரத்துப் பாடம்

இனிக் கதைக்கு வருவோம். கார்ல் பான் லிண்டே (1842–1934) என்பவர் குளிர்சாதன இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜெர்மன் பொறியியல் அறிஞர். மூனிக் நகரத்துத் தொழிற்கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். 1858-இல் பாரிஸில் பிறந்த ரூடால்ப் டீசல் அவருடைய மாணவர். லிண்டே பினாங்கு வந்த போது தீக்குழல் ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது என்றும், அவர் அதை மூனிக்கில் மாணவர் முன் அடித்துக் காட்டினார் என்றும், அதனைக் கண்ட டீசலின் உள்ளத்தில் புதிய எஞ்சினின் கருத்துத் தோன்றியது என்றும் கதை கூறுகிறது. ஒகாட்டா, ஷிமோட்சுமா என்னும் ஜப்பானிய ஆய்வாளர் இருவர், டீசல் எஞ்சினின் தோற்றுவாய் தென்கிழக்காசிய மலைவாழ் மக்களின் தீக்குழலே என்ற கருத்தை 2002-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அதன் பிறகு இச்செய்தி மேலும் பரவியது.

டீசல் தாமே கூறியுள்ள செய்தி ஒன்றும் உண்டு. 1878-இல் லிண்டேயின் வகுப்பில், நீராவி எஞ்சின் தான் உண்ணும் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கையே வேலையாக மாற்றுகிறது என்று கேட்டாராம். எஞ்சிய தொண்ணூறு பங்கும் வீணாவதை எண்ணி மனம் அமைதியுறாமல், அதைத் தடுக்க வழி தேட வேண்டும் என்று அப்போதே குறித்துக் கொண்டாராம். பலராலும் எடுத்துக் காட்டப்படும் இப்பகுதியில் பேச்செல்லாம் வெப்பச் சிக்கனத்தைப் பற்றியதே, தீக்குழலைப் பற்றியதன்று.

அவர் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-இல் ஆக்சுபர்க் நகர ஆலையில் முதல் எஞ்சினைச் சோதித்தார். பல தோல்விகளுக்குப் பின், 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னிலையில் நடந்த சோதனையில், வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது அவருடைய எஞ்சின். தீப்பொறி தரும் பிளக் அதற்கு இல்லை. காற்றை அமுக்கிச் சூடேற்றி, அச்சூட்டில் எரிநெய்யைச் செலுத்தினால் அது தானே எரியும். தீக்குழலின் வேலையை இரும்பில் செய்வது போன்றது அது. தண்டைச் சுற்றிய கொழுப்பு நூலின் இடத்தில் பிஸ்டன் வளையம். பஞ்சின் இடத்தில் எரிநெய்.

வெளிச்சூடும் உட்சூடும்

அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது. ஹெர்பர்ட் ஆக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் 1890-இல் காப்புரிமை பெற்ற எண்ணெய் எஞ்சினை, கிராந்தம் நகரத்து ஹார்ன்ஸ்பி ஆலை 1892 முதல் செய்து விற்றது. அதில் அமுக்கம் குறைவு. எஞ்சினின் தலையில் உள்ள ஒரு குமிழை ஊதுவிளக்கால் வெளியிலிருந்து பழுக்கக் காய்ச்சிய பின்னரே அதை ஓட்டத் தொடங்குவர். ஓடத் தொடங்கிய பின் எரிப்பின் சூடே குமிழைக் காய்ச்சி வைத்திருக்கும்.

டீசலின் வழி உட்சூட்டு வழி. ஆக்ராய்டின் வழி வெளிச்சூட்டு வழி. ஹீட்டர் பிளக் இவ்விரண்டின் சந்திப்பு. சிறிய, விரைவாக ஓடும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் எரிநெய் நேரே சிலிண்டருக்குள் செலுத்தப்படாமல், அதன் தலையில் உள்ள சிற்றறை ஒன்றில் செலுத்தப்பட்டது. அச்சிற்றறையின் சுவர்ப்பரப்பு மிகுதி. இரவெல்லாம் நின்று ஆறிய இரும்பு, அமுக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் கசியும். ஏட்டுக் கணக்கில் 790 பாகை வர வேண்டிய இடத்தில் அதில் பாதியும் வாராது. அக்குறையை நிரப்பவே, மின்சாரத்தால் பழுக்கும் கம்பிச் சுருள் ஒன்றைச் சிற்றறையில் வைத்தனர். ஊதுவிளக்கு செய்த வேலையை மின்கலம் செய்தது. பினாங்கின் காலைக் குளிர் ஐரோப்பியருக்குக் குளிரே அன்று எனினும், இத்தகைய எஞ்சினுக்கு அங்கும் சில நொடிச் சூடு தேவைப்பட்டது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் வண்டிக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

தோட்டத்துக்கு வந்த டீசல்

ஜார்ஜ் டவுன் நகரம் மின்சாரத்தை முன்னதாகவே கண்ட நகரம். 1906-இல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925-இல் டிராலி பஸ் வந்தது. டிராம் 1936-இல் நின்றது; டிராலி பஸ் 1961-இல் நின்றது. மேலே கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடிய வண்டிகளின் இடத்தை, எரிநெய்யைத் தன்னுடன் சுமந்து ஓடும் மோட்டார் பஸ்கள் பிடித்தன.

நகருக்கு வெளியே, தோட்டத்துச் செம்மண் பாதைகளில், லேண்ட்ரோவரின் காலம் பிறந்தது. இவ்வண்டி 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டில் மலாயாவில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. படையினரும் போலீசாரும் தோட்ட நிருவாகத்தினரும் இவ்வண்டியைப் பயன்படுத்தினர். பின்புறம் திறந்த பிக்கப் வடிவிலும் அது கிடைத்தது. 1957-இல், ஜார்ஜ் டவுன் மாநகரமான ஆண்டில், மலாயா விடுதலை பெற்ற ஆண்டில், லேண்ட்ரோவருக்கு 2 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1961-இல் 2¼ லிட்டர் எஞ்சின் வந்தது. அதன் அமுக்க விகிதம் 23-க்கு 1.

நகரத்தில் வண்டி கிளம்பாவிடில் வேறு வண்டி கிடைக்கும். காடு சூழ்ந்த தோட்டத்தில் வண்டி ஒன்றே ஒன்று என்றால், பிரசவ வேதனையில் இருப்பவளையும் பாம்பு கடித்தவனையும் நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல அதுவே கதி. விடியற்காலையில் அதன் எஞ்சின் இயங்குவதும் இயங்காததும் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

நான்கு பிளக்கும் ஒரே வழியும்

இவ்வெஞ்சின்களில் நான்கு சிலிண்டருக்கு நான்கு ஹீட்டர் பிளக். அவை நான்கும் தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருந்தன. மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் முதலில் ஒரு தடைச்சுருளைக் கடந்து, பிறகு ஒரு பிளக்கின் வழியாக அடுத்ததற்கும், அதன் வழியாக அதற்கடுத்ததற்கும் சென்று, இறுதியில் எர்த்தை அடையும். மின்கலம் 12 வோல்ட் ஆயினும், ஒவ்வொரு பிளக்கின் பங்குக்கு வருவது இரண்டு வோல்ட்டுக்கும் குறைவு. சுருள் தடித்த கம்பியால் ஆனது, எளிதில் உருகாது. இது இம்முறையின் நன்மை.

தீமை யாது? சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும் சங்கிலி அற்றதே. ஒரு பிளக் கெட்டால் மற்ற மூன்றும் நல்லவையாக இருந்தும் பழுக்கா. எது கெட்டது என்பது புறத்தே தெரியாது. அறியாதவர் நான்கையும் மாற்றுவர். அப்போதும் வண்டி கிளம்பாமல் போவதுண்டு. ஏனெனில் குற்றம் பிளக்கில் இல்லாமல், கடற்காற்றில் அரித்துப்போன எர்த் பட்டையிலோ, இளகிய திருகிலோ, தடைச்சுருளிலோ இருந்திருக்கும்.

தேர்ந்த தொழிலாளி வேறு விதமாகச் செய்வார். முதலில் மின்கலத்தின் வலிமையைப் பார்ப்பார். அடுத்து முகப்புப் பலகையில் உள்ள ஹீட்டர் விளக்கைப் பார்ப்பார். அது எரியாவிடில் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது விளக்கே கெட்டிருக்கிறது. வழக்கத்தினும் ஒளி மிகுந்தால் எங்கோ மின்சாரம் குறுக்கு வழியில் எர்த்துக்குப் போகிறது. பிறகு சோதனை விளக்கு ஒன்றின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, ஹீட்டரைப் போட்டபடி, மறு முனையால் மின்கலப் பக்கத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வருவார். அறுந்த இடம் வரையில் விளக்கு எரியும். அதைக் கடந்ததும் எரியாது. எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் இடையில் குற்றம் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

பொருந்தாத பிளக்கைச் சேர்ப்பது மற்றொரு பிழை. 12 வோல்ட்டுக்கு உரிய மெல்லிய சுருள் பிளக் ஒன்றைப் பழைய வரிசையில் நுழைத்தால், அதன் தடை மிகுதியால் மின்னோட்டம் குன்றி, மற்ற மூன்றும் சூடேறா. இக்குறைகளை எண்ணியே பிற்கால வண்டிகளில் பக்க இணைப்பு முறை வந்தது. அதில் ஒவ்வொரு பிளக்கும் தனித்தனியே 12 வோல்ட் பெறும். ஒன்று கெட்டாலும் மூன்று வேலை செய்யும். எஞ்சின் சற்றே புகைந்து தடுமாறினாலும் கிளம்பிவிடும். பழைய லேண்ட்ரோவர் வைத்திருப்போர் பலர் இம்முறைக்கு மாற்றிக் கொண்டனர்.

கதையைச் சோதித்தல்

வரலாற்றுச் சான்றுகளும் இவ்விரு வகைப்பட்டனவே. தீக்குழல் தென்கிழக்காசியாவில் வழங்கியது என்பதற்குப் பல நாட்டுக் கருவிகள், பயணிகளின் குறிப்புகள், மொழிச் சான்று ஆகியவை உண்டு. அவை பக்க இணைப்பில் நிற்பவை. ஒரு பயணியின் குறிப்பு தவறு என்று தெரிந்தாலும் மற்றவை முடிவைத் தாங்கும்.

பினாங்குக் கதையோ தொடர் இணைப்பில் நிற்பது. லிண்டே பினாங்கில் தீக்குழலைப் பெற்றிருக்க வேண்டும். டீசல் மாணவராக இருந்த காலத்திற்கு முன் அது நிகழ்ந்திருக்க வேண்டும். அதை அவர் வகுப்பில் காட்டியிருக்க வேண்டும். டீசல் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். எஞ்சினின் கருத்து அதிலிருந்தே தோன்றியிருக்க வேண்டும். இவ்வைந்தில் ஒன்று அற்றாலும் முடிவு இருண்டுவிடும்.

சோதனை விளக்கை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். லிண்டே டீசலின் ஆசிரியர் என்ற இடத்தில் விளக்கு நன்றாக எரிகிறது. தீக்குழலும் டீசல் எஞ்சினும் ஒரே தத்துவத்தால் இயங்குகின்றன என்ற இடத்திலும் எரிகிறது. கருத்து தீக்குழலிலிருந்தே பிறந்தது என்னும் கடைசிக் கண்ணியில் ஒளி மங்குகிறது. டீசலின் சொந்தக் கூற்று வெப்பச் சிக்கனத்தை முன்வைக்கிறது.

மேலும் ஒன்று உண்டு. ஐரோப்பியர் தீக்குழலை அறியக் கீழ்த்திசை வரவேண்டிய தேவை இருக்கவில்லை. பிரான்சில் லியோன் நகரத்து அறிஞர் மொல்லே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காற்றை அமுக்கித் தீ உண்டாக்கிக் காட்டினார். 1807-இல் இங்கிலாந்தில் அத்தகைய கருவிக்குக் காப்புரிமையும் அளிக்கப்பட்டது. டீசல் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. ஆதலின் மூனிக் வகுப்பில் தீக்குழல் ஒன்று காட்டப்பட்டது என்றே கொண்டாலும், டீசலுக்கு அதுவே முதல் அறிமுகம் என்று துணிதற்கில்லை.

இதனால் தென்கிழக்காசிய மக்களின் பெருமை குறைகிறதா? ஒரு சிறிதும் குறையவில்லை. கீழ்த்திசையில் அக்கருவி தனித்தே தோன்றியிருக்கக்கூடும் என்ற பக்கமே பால்பரின் ஆராய்ச்சியும் சாய்ந்தது. ஆய்வுக்கூடமும் வெப்பமானியும் இன்றி, காற்றை அமுக்கினால் தீப் பிறக்கும் என்று கண்டு, கசியாதிருக்க நூலும் கொழுப்பும் சுற்றிய கைவினைஞரின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை. அவர் அறிவு மெய்யானது. டீசலின் பெயரைக் கடன் வாங்கித்தான் அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்பதில்லை. அப்படிச் செய்தால், நாளை ஒரு கண்ணி அறுந்தபோது உண்மையான பெருமையும் சேர்ந்து இருண்டுவிடும்.

இவ்வெச்சரிக்கை தமிழராகிய நமக்கும் உரியது. உலகத்தில் உள்ளன எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று மேடையில் முழங்குவோர் உளர். கல்வெட்டும் காசும் அகழ்வுப் பொருளும் இலக்கியமும் பக்க இணைப்பாக நின்று தாங்கும் செய்திகள் நமக்கு ஏராளமாக இருக்கின்றன. அவற்றை விட்டு, ஒற்றைச் சொல்லொலியில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊகத்தைக் கோத்துச் செல்லும் முடிவுகளைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தீது. பிற்காலத்தில் அவர்கள் அதைப் பொய் என்று அறியும்போது, மெய்யையும் சேர்த்து ஐயுறுவர்.

எனவே வகுப்பில் பினாங்குக் கதையைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. தீக்குழலைப் பற்றிச் சொல்லலாம். மிதிவண்டிப் பம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். லிண்டேயும் டீசலும் ஆசிரியரும் மாணவருமாய் இருந்ததைச் சொல்லலாம். பிறகு, 'இப்படி ஒரு கதை வழங்குகிறது; இன்னின்ன கண்ணிகள் உறுதியானவை; இன்ன கண்ணி உறுதியற்றது' என்று பிரித்துக் காட்டலாம். மின்சுற்றுப் பாடத்தையும் வரலாற்றுப் பாடத்தையும் ஒரே நாளில் நடத்த இதனினும் ஏற்ற வாய்ப்பு அரிது. அவ்வாறு கற்ற மாணவன் நாளை ஒரு செய்தியைக் கேட்டால், நான்கு பிளக்கையும் கழற்றி எறியவும் மாட்டான், கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகிக்கொண்டும் இரான். விளக்கை எடுத்துக்கொண்டு முதல் இணைப்பிலிருந்து தொட்டுக்கொண்டு வருவான்.